ஈர மணல்

போன வருடம் ஐப்பசியில் அண்ணன் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். திருவையாற்றுக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஊர். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. விடியற்காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய் காற்றில் விலகி, வாசலில் கொட்டியிருந்த மணல் நனைந்து கறுத்துக் கிடந்தது. எங்கள் கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் பக்கத்து ஊர்தான், தளம் போடுவதை வந்து பார் என்று அவனையும் வரச் சொல்லியிருந்தேன். கலவை மிஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் மேஸ்திரி மணல் குவியலின் பக்கவாட்டில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். இறுக்கிப் பிடித்தார், விரல்களைத் திறந்தார். மணல் கொழுக்கட்டை போல விரல் தடத்தோடு அப்படியே நின்றது. அதை உதறிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார், ஈரம் பளபளவென்று இருந்தது. சித்தாளைக் கூப்பிட்டு, “ரெண்டாவது பெட்டிய முக்கால் போடும்மா, தண்ணிய நான் சொல்லாம ஊத்த வேணாம்” என்றார். அவ்வளவுதான், மிஷினைப் போடச் சொல்லிவிட்டார்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் இஞ்சு ஜல்லி. ஊரெல்லாம் இந்தக் கணக்குதான். பையனுக்கும் அது தெரியும். “ஒன்றரைப் பெட்டிதானேண்ணே மணல்?” என்று கேட்டான். “காஞ்ச மணலுக்கு ஒன்றரை தம்பி. இது ராத்திரி நனைஞ்சிருக்கு, பொங்கி நிக்கிது. பெட்டி ரொம்பினாப்ல தெரியும், உள்ள மணல் கம்மியாதான் இருக்கும்.” பையன் என் பக்கம் திரும்பினான். “மணல் பொங்குமா சார்?”

அந்தக் கேள்வி இன்று வரை என்னை விடவில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் இதே பையன் என் லேபில் ‘பல்கிங் ஆஃப் சாண்ட்’ என்ற பரிசோதனையைச் செய்திருக்கிறான். ஈரம் 4 முதல் 6 விழுக்காட்டில் மணலின் கன அளவு 20, 30 விழுக்காடு வரை கூடிப்போய், பிறகு தண்ணீர் சேரச் சேரப் பழைய அளவுக்கே இறங்கும் அந்த வளைகோட்டைக் கிராஃப் தாளில் அழகாக வரைந்திருக்கிறான். பத்துக்குப் பத்து. கீழே இருப்பது என் கையெழுத்து. அவன் மந்தமான பையன் கிடையாது, வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். அவனுக்குப் பல்கிங் தெரியும், மணல் பொங்குவதுதான் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த திகைப்பை நான் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை, அவன் மேல் குறையாகவும் சொல்ல முடியவில்லை.

தளம் போடும் வேலையை நிறுத்தாமல், ஒரு ஓரமாக நின்று தண்ணீர் பாட்டில் ஒன்றின் கழுத்தை அறுத்து எடுத்தோம். ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாக நிரப்பினோம். அதைக் கொட்டிவிட்டு, பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டு, அதே மணலை உள்ளே போட்டுக் குச்சியால் கிளறினோம். அடங்கி உட்கார்ந்தபோது உயரம் பதினாறரை. ஆக, மணல் ஐந்தில் ஒரு பங்கு பொங்கியிருந்தது. மேஸ்திரி கூட்டிப் போட்டது ஒன்றரைக்குப் பதில் ஒன்றே முக்கால், அதாவது ஆறில் ஒரு பங்கு. ஒரு பிடி மணலை நெரித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது.

காரணம் என்னவோ சின்னதுதான். மணல் துகளைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு, அதன் பரப்பு இழுவிசையில் துகள்கள் ஒன்றை ஒன்று தாங்கி, நெருங்கி உட்காராமல் நிற்கும். தண்ணீரில் முழுக அடித்துவிட்டால் அந்தப் படலம் இல்லாமல் போய்விடும், மணல் பழையபடி இறங்கிவிடும். கோடையில் வற்றிய ஆற்றில் ஊற்றுத் தோண்டி, ஈர மணலில் வீடு கட்டி விளையாடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? காய்ந்த மணலில் சுவர் நிற்காது, தண்ணீருக்குள்ளும் நிற்காது, ஈர மணலில் மட்டும் நிற்கும். ஐந்து வயதில் கை அறிந்த விஷயத்தை இருபது வயதில் நாங்கள் வேறு பெயர் வைத்து, வேறு ஏதோ போலச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

சிமெண்டுக்கு மணி அடிக்காது

கட்டுமானப் பொருள் லேப் எப்படி நடக்கும் என்று சிவில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேனுவலில் நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு. முடிவு என்னவாக வர வேண்டும் என்பது செய்முறைக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் சீனியரின் ரெக்கார்ட் கையில் இருக்கும். நான் மாணவனாக இருந்தபோதும் இருந்தது. ஆறு பேர் ஒரு கருவியைச் சுற்றி நிற்பார்கள், ஒருவர் தொடுவார், ஒருவர் எழுதுவார், மற்ற நான்கு பேர் காப்பி அடிப்பார்கள். இதெல்லாம் பழைய புலம்பல்தான். எனக்கு உறைத்தது வேறொன்று.

விகாட் ஊசியை வைத்து சிமெண்ட் இறுகும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப இறுகல் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுதி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் ஐ.எஸ். விதி, அதாவது இந்தியத் தர விதி. இன்றைக்குச் சந்தையில் வரும் சிமெண்ட் பெரும்பாலும் ஆரம்ப இறுகலுக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுக்கும். லேப் வகுப்போ மொத்தம் இரண்டரை மணி. அதற்குள் வருகைப் பதிவு, போன வார ரெக்கார்டுக்குக் கையெழுத்து, விளக்கம், கழுவி வைப்பது எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால் எத்தனையோ வருடமாக என் வகுப்பில் சிமெண்ட் இறுகியதே இல்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள், ரெக்கார்டில் மட்டும் 35 நிமிடம், 40 நிமிடம் என்று இறுகியிருக்கும். வலிமை பார்க்க வார்க்கும் காங்கிரீட் க்யூப் 28 நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும், அந்த 28ஆம் நாள் ஸ்டடி லீவில் போய் விழும். அட்டெண்டர் உடைத்து எண்ணைச் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பொருளுக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது, அதை டைம்டேபிளுக்குள் திணிக்க முடியாது. அந்த நேரத்தை உட்கார்ந்து பார்க்காதவருக்குப் பொருள் எப்படிப் பிடிபடும்?

படித்துப் பார்த்தது

தளம் போட்ட அன்றைக்கு அப்புறம் ஒரு மாதம் போல ராத்திரிகளில் உட்கார்ந்து, இந்தப் பாடத்தை மற்றவர்கள் எப்படி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். பொறியியல் கல்வி பற்றிய ஆராய்ச்சி இவ்வளவு வளர்ந்திருப்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 2004இல் மைக்கேல் பிரின்ஸ் என்பவர், மாணவர்களை வேலை செய்யவைத்துக் கற்பிப்பது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசி எழுதிய கட்டுரையில் தொடங்கி, 2014இல் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு வரை ஒரு பக்கம். விரிவுரை மட்டும் கேட்கும் வகுப்பில் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்கிறது அந்தக் கணக்கு. இன்னொரு பக்கம் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம், 1974இல் தொடங்கியபோதே குழுவாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதுதான் படிப்பு என்று வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1988 முதல் தேசிய அளவில் நடக்கும் காங்கிரீட் படகுப் போட்டியில் மாணவர்கள் தாங்களே கலவை கண்டுபிடித்துப் படகு வார்த்து, அதில் ஏறித் துடுப்புப் போடுகிறார்கள். கலவை தப்பினால் மார்க் குறைவதற்கு முன்னால் ஆள் நனைந்துவிடுவார்.

நம் ஊரிலும் சும்மா இல்லை. பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானதிலிருந்து, மாணவருக்கு என்ன வரும் என்பதை வைத்துப் பாடம் அமைய வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு கல்லூரிக்கும் வந்துவிட்டது. கருத்து நல்ல கருத்து. ஆனால் நான் பார்த்த வரையில் அது எக்செல் தாளில் சி.ஓ. (பாடத்தின் விளைவு), பி.ஓ. (படிப்பின் விளைவு) கட்டங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று போடும் வேலையாகச் சுருங்கிப்போனது. அந்தப் பையனின் பல்கிங் பரிசோதனைக்கும் நான் 3 போட்டிருப்பேன். அப்புறம் மெய்நிகர் ஆய்வகங்கள். கொரோனா காலத்தில் அவை இல்லையென்றால் ஒரு பருவமே வீணாகியிருக்கும், அதை மறுக்கவில்லை. லேபுக்கு வருவதற்கு முன்னால் ஒரு முறை திரையில் பார்த்துவிட்டு வருவது மிகவும் நல்லது, இப்போதும் பார்க்கச் சொல்கிறேன். அதுவே லேபுக்கு மாற்று என்று சொல்லும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை. திரையில் மணல் நனையாது.

படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது 2005இல் ஃபைசல், ரோசா என்ற இருவர் எழுதியது. பொறியியல் மாணவருக்கு லேப் எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடி, 2002இல் சான் டியேகோவில் ஐம்பது பேர் போலக் கூடிப் பேசி 13 குறிக்கோள்களைத் தொகுத்திருக்கிறார்கள். கருவியைக் கையாள்வது, தரவை அலசுவது, பாதுகாப்பு, குழுவாக வேலை செய்வது என்றெல்லாம் நாம் எதிர்பார்ப்பவை இருக்கின்றன. அவற்றோடு இன்னும் இரண்டு. ஒன்று, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது. இன்னொன்று, புலன்களால் உணர்ந்து பொறியியல் முடிவுக்கு வருவது. மேஸ்திரி மணலுக்குள் கையை விட்டது நேராக என் கண் முன்னால் வந்தது. எங்கள் லேபில் தோல்விக்கு இடமே கிடையாது, தப்பாக வந்த ரீடிங்கை அடித்துவிட்டுச் சரியானதை எழுது என்போம். புலனுக்கும் இடம் கிடையாது, மணலைத் தொட்டால் தராசில் எடை மாறிவிடும் என்று திட்டுவோம்.

சரி, செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, பாடத்திட்டத்தில் கை வைக்கவும் இல்லை. லேபில் மூட்டையில் வாங்கி வைத்த ஒரே மணல், ஒரே செங்கல், ஒரே குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக, ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். முடிவு என்னவாக வரும் என்று செய்வதற்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கணிப்பு தப்பினால் மார்க் குறையாது, ஏன் தப்பியது என்று எழுதாவிட்டால்தான் குறையும்.

டெல்டாவில் ஒரு கல் கிடையாது. பெரிய கோயிலுக்குக் கல் வெளியிலிருந்துதான் வந்தது, இன்றைக்கு ஜல்லியும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கமிருந்துதான் லாரியில் வருகின்றன. இருப்பதெல்லாம் களிமண், வண்டல், ஆற்று மணல், உமி, கடலோரத்தில் உப்பு. கட்டுமானப் பொருள் படிக்க இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கொண்டுவந்தார்கள் பாருங்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் காளவாய்ச் செங்கல், தண்ணீரில் 24 மணி நேரம் ஊறியதும் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் குடித்தது, சாதாரணச் செங்கலுக்கு அதுதான் மேல் வரம்பு. ரைஸ் மில் பாய்லர் சாம்பல், கரி கலந்து கறுப்பாக இருந்தது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்தால் சிமெண்டோடு சேர்ந்து வேலை செய்யும், இஷ்டத்துக்கு எரித்தால் செய்யாது என்பதைக் கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டபோதுதான் கேட்டுக்கொண்டார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி வீட்டு போர் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்தாள். கம்பி போடும் காங்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கெமிஸ்ட்ரி லேபில் கெஞ்சி டைட்ரேஷன் செய்து பார்த்தோம், தாண்டியிருந்தது. “எங்க வீட்டுத் தூணு வெடிச்சுக் கம்பி தெரியுது சார், உப்புக் காத்துன்னு சொன்னாங்க. காத்து மட்டும் இல்லபோல” என்றாள். அன்றைக்குத்தான் காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456இல் கடலோரக் காற்று படும் இடத்துக்கு எம்-30 (28ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் கலவை), தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் என்று ஏன் போட்டிருக்கிறது என்பதை நான் போர்டில் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் அவர்களாகவே தேடிப் படித்தார்கள். அங்கேயும் ஊரெல்லாம் போடுவது அதே ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்றுதான்.

290

இனி சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நான்கு பேர் கொண்ட ஒரு குழு எம்-20 கலவையைக் கணக்குப் போட்டு வார்த்தது. ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், 176 லிட்டர் தண்ணீர், விகிதம் 0.55, மணல் 700 கிலோ. பெட்டியால் அளக்காமல் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போட்டார்கள். ஏழாம் நாள் க்யூபை மிஷினில் வைத்தோம். 400 கிலோநியூட்டன் தாங்கும், அதாவது சதுர மில்லிமீட்டருக்குப் பதினேழே முக்கால் நியூட்டன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 290இல் முள் நின்றுவிட்டது. இரண்டாவது க்யூப் 285. மூன்றாவது 300ஐத் தொடவில்லை.

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினான்கு வருடப் பழக்கம், என் வாயில் அந்த வாக்கியம் வந்தே விட்டது: விடுங்க, அடுத்த வாரம் திரும்பப் போடலாம். இதற்கு முன்னால் எத்தனை குழுக்களிடம் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லாமல் நிறுத்திக்கொண்டது பெரிய திறமை ஒன்றும் இல்லை, முந்தின ராத்திரி படித்தது காதில் இருந்தது. மனு கபூர் என்பவர் 2008இல் ‘பயன் தரும் தோல்வி’ என்று ஒரு ஆய்வை வெளியிட்டார். வழியைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் மாணவர்களைச் சிக்கலோடு முட்டி மோதவிட்டால், அப்போதைக்கு அவர்கள் தோற்பார்கள், ஆனால் பின்னால் அவர்களுடைய புரிதல் ஆழமாக இருக்கும் என்பது அதன் சாரம். அதனால் பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “எங்கே போச்சு 110 கிலோநியூட்டன்? கண்டுபிடிங்க” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டார்கள். இன்னொரு குழுவின் க்யூப் சரியாக வந்திருந்ததால் அது நிற்கவில்லை. சிமெண்ட் மூட்டையின் தேதியைப் பார்த்தார்கள், புதுசுதான். குத்தியது போதவில்லையோ என்று உடைந்த துண்டுகளைப் புரட்டினார்கள், தேன்கூடு மாதிரி ஓட்டை எதுவும் இல்லை. இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஒருவன் சலித்துப்போய், “வார்த்த அன்னைக்கு நல்லாதான் சார் ஓடுச்சு, ஸ்லம்ப்பெல்லாம் சூப்பரா வந்துச்சு” என்றான். ஸ்லம்ப் என்பது அச்சை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்ற அளவு. எவ்வளவு வந்தது என்று கேட்டேன். நோட்டைப் பார்த்தான். 75 மில்லிமீட்டர் வரும் என்று கணித்திருந்தார்கள், 140 வந்திருந்தது. கலவை தளதளவென்று ஓடியதில் சந்தோஷப்பட்டு மேலே போய்விட்டார்கள். அப்போது அந்தக் குழுவில் இருந்த பெண், நீடாமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம், அவ்வளவு நேரம் வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: “வார்த்ததுக்கு முந்தின நாள் மழை சார். மணல் வெளியிலதான் கெடந்துச்சு. நாம ஈர நெல்ல எடை போட்ட மாதிரி போட்டுட்டோம்.”

மற்ற மூவருக்கும் உடனே புரிந்துவிட்டது. டெல்டாப் பிள்ளைகளுக்கு நெல்லின் ஈரப்பதத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதும், மழைக்காலத்தில் தளர்வு கேட்டு எல்லாரும் காத்துக் கிடப்பதும், அப்பா சாலையில் நெல்லைக் காயப்போட்டுக் காவல் இருப்பதும் வீட்டுக் கதை. மூட்டையில் இருப்பது எவ்வளவு நெல், எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்குள்ளேதான் அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மணலிடம் கேட்கலாம் என்று நாங்கள்தான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மழையில் நனைந்த மணல் இன்னும் மூலையில் கொஞ்சம் இருந்தது, அது கிட்டத்தட்ட அதே ஈரத்தில் இருக்கட்டும் என்று பாலிதீன் பையில் கட்டி வைத்தவர் எங்கள் அட்டெண்டர். அவரிடமே இரும்புச் சட்டி வாங்கி, 500 கிராம் எடுத்து அடுப்பில் வறுத்தார்கள். முதலில் ஆவி வந்தது, கறுப்பு நிறம் மெல்ல வெளுத்தது, கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த மணல் சரசரவென்று தனித்தனியாக உதிரத் தொடங்கியது. மறுபடி நிறுத்தபோது 476. ஈரம் 5 விழுக்காடு. இதை அந்தப் பெண்தான் நோட்டில் போட்டாள்: 700 கிலோ என்று போட்டதில் மணல் 667தான், மீதி 33 லிட்டர் தண்ணீர். மணல் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு விழுக்காட்டைக் கழித்தாலும் 26, 27 லிட்டர் கலவைக்குப் போயிருக்கிறது. 176 போட வேண்டிய இடத்தில் 203. விகிதம் 0.55 இல்லை, 0.63. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்று டஃப் ஆப்ராம்ஸ் 1918இல் சொன்னதை அவர்கள் இரண்டு மார்க் கேள்வியாகப் பல முறை எழுதியிருக்கிறார்கள். இந்த முறை அது 290 என்ற எண்ணாக வந்து நின்றது. ஐப்பசியில் மேஸ்திரி “தண்ணிய நான் சொல்லாம ஊத்த வேணாம்” என்றதற்கும் இதுதான் அர்த்தம் என்பதை அவர்களிடம் அப்போதுதான் சொன்னேன். பெட்டியால் அளந்தால் மணல் குறையும், தராசில் அளந்தாலும் மணல் குறையும், இரண்டிலும் தண்ணீர் கூடும். அந்த மனிதர் இரண்டையும் ஒரே பிடியில் பார்த்துவிட்டார்.

வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

இன்னும் சிக்கல் இருக்கிறது

எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுத ஆசைதான். பருவ முடிவில் மாணவர்கள் தந்த கருத்துப் படிவத்தில் என் பாடத்துக்கு முன்பைவிடக் குறைந்த மதிப்பெண் வந்தது. ‘சார் சரியாக நடத்துவதில்லை, எங்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மனசு கஷ்டமாக இருந்தது. 2019இல் ஹார்வர்டில் டெலோரியே குழு செய்த ஆய்வு அப்போது எனக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தது. தாங்களே முட்டி மோதிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். அழகான விரிவுரை கேட்டால் எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும், திணறும்போது ஒன்றும் ஏறவில்லை போல இருக்கும். இதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை, இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் ரெக்கார்டைப் பார்ப்பார், கணிப்பும் தப்பும் எழுதிய பக்கத்தைப் பார்த்து “என்ன இது, அடிச்சுத் திருத்தியிருக்கு?” என்பார். தேர்வு மாறாமல் பாடம் எவ்வளவு தூரம் மாறும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. எக்ஸாமினருக்கு ஒவ்வொரு முறையும் நின்று விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பாடத்தின் உள்ளடக்கமும் நகர வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், சுண்ணாம்புக் கல்லை 1450 டிகிரியில் சுட்டு சிமெண்ட் ஆக்கும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டால் வருகிறது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து, சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்.சி.3 சிமெண்டுக்கு, ஐ.ஐ.டி.கள் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு பல வருடம் உழைத்த பிறகு, 2023இல் இந்தியத் தர விதியும் வந்துவிட்டது. மணலுக்கான ஐ.எஸ். 383இன் தலைப்பிலேயே ‘இயற்கை மூலங்களிலிருந்து’ என்று இருந்தது, 2016இல் அந்தச் சொற்களை எடுத்துவிட்டார்கள், எம்-சாண்ட் உள்ளே வந்தது. எங்கள் மேனுவலில் இன்னும் பழைய தலைப்புதான். அதை மாற்றி அடிக்கும் வேலையை இந்தப் பருவம் பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறேன்.

அந்த மூன்றாம் ஆண்டுப் பையன் இப்போது இறுதி ஆண்டு. ஜூனியர்களின் லேபுக்கு அவனாகவே வந்து நிற்கிறான். ஒவ்வொரு குழுவையும் முதலில் மணலை நெரித்துப் பார்க்கச் சொல்லி, எவ்வளவு பொங்கியிருக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ஜாடியைத் தருகிறான்.

பருவம் தள்ளிப்போனதால் இந்த முறை க்யூப் வார்த்தது டிசம்பர் 18. ஏழாம் நாள் எண்கள் வந்துவிட்டன. 28ஆம் நாள் ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். வழக்கப்படி அட்டெண்டர் உடைத்து எண்ணைச் சொல்லட்டும், வீட்டுக்குப் போங்கள் என்றேன். ஆறு பேர் வந்து லேப் சாவி கேட்டார்கள். காலையில் வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டிப் பொங்கல் வைத்துவிட்டு, பத்தரைக்குள் வந்துவிடுவார்களாம். வாட்ச்மேனிடம் பேசிவிட்டேன். தொட்டியில் தண்ணீர் குறையாமல் அட்டெண்டர் பார்த்துக்கொள்கிறார்.